வெந்நீரில் விழுந்தது நான் மட்டுமல்ல

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு மாட்டுங்காவை நினைத்துச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் என் மகனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா ஒரு கார்டில் "அப்பா குளிக்கையில் விழுந்துட்டாங்க, இப்ப தேவலை" என்று ஒரே வரி எழுதிப் போட்டுவிட்டாள். அந்த ஒரு வரிக்கு நீ மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறாய். லீவு போட்டு வருகிறேன் என்கிறாய். வர வேண்டாம். எலும்பு எதுவும் முறியவில்லை. இடது முழங்கையில் தோல் உரிந்ததும் ஆறிவிட்டது. உண்மையைச் சொன்னால், பல வருஷமாக எனக்கு இவ்வளவு தெம்பு இருந்ததில்லை. இந்த இரண்டு வாரத்தில் நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லியே தீர வேண்டும் என்று காலையிலிருந்து பேனாவும் கையுமாக இருக்கிறேன். மனசு ஓடுகிற வேகத்துக்குக் கை வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கடைசி வரை படி. நடுவில் உனக்கு என் மேல் கோபம் வரும். அப்போதும் நிறுத்தாமல் படி.

வெந்நீர் விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் மில் பாய்லர் பக்கத்தில் நின்று வெந்துவிட்டு வந்தாலும், வீட்டிலும் எனக்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டும். லேபர் கேம்ப்பில் நம் வரிசையில் பித்தளைத் தவலையில் ஆவி பறக்க வெந்நீர் இறக்கினால் அது நம் வீடுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உன்னை மோரியில், அந்த மூலைத் தொட்டிக்குள், உட்கார வைத்து ஊற்றும்போது நீ கத்துவாய். "பாய்லர்காரன் மவன் சூட்டுக்கு அழலாமால?" என்று சொல்லி இன்னொரு செம்பு ஊற்றுவேன். உன் முதுகு சிவந்துபோகும். அது எனக்கு ஒரு பெருமை விளையாட்டு. உனக்கு அது வெறும் சூடு. சின்னப் பிள்ளையின் தோல் வேறு, நடுவயசுக்காரனின் தோல் வேறு, வயசானவனின் தோல் வேறு என்று இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது சின்ன மன்னிப்பு. பெரியது ஒன்று பின்னால் வருகிறது.

விழுந்தது போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஜனவரி மாசம் பம்பாயில் நாலு நாள் குளிர் அடிக்குமே, அந்தக் குளிர். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மோரியில் உட்கார்ந்தேன். அம்மா தவலையை இறக்கி வைத்துவிட்டு விரலை விட்டுப் பார்த்துச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"கேட்டியளா, இது கொதிக்குல்லா. கையி வைக்க முடியல."

"எங்க கொதிக்கு? வெதுவெதுன்னுதான் இருக்கு. பச்சத்தண்ணி ஊத்தாத."

எனக்கு உண்மையாகவே வெதுவெதுப்பாகத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் சுகமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசிச் செம்பை ஊற்றிவிட்டு விருட்டென்று எழுந்தேன். காதுக்குள் ஆவி சீறுவது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சுவர் கறுத்தது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது தரையில் கிடந்தேன், தலை அம்மா மடியில் இருந்தது. யாரோ என் மேல் வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்து அறை வேலு, அந்த ஒர்க்‌ஷாப் பையன், என் முகத்துக்கு மேல் குனிந்திருந்தான். அவன் என்ன செய்தான் தெரியுமா? என் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தான்.

"என்ன மாமா, காலையிலயேவா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அம்மாவுக்கு வந்தது கோபம். "எலே வேலு, மூக்க எடுல. அவுக வாயில தண்ணிகூட இன்னும் படல."

அவன் பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அப்படியே படுத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தேன். அதே மாதிரி ஒருவர் முகத்துக்கு மேல் குனிந்து, அதே மாதிரி மோந்து பார்த்த இன்னொருவன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் நான்தான்.

சுடலைமுத்து அண்ணாச்சியை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். உன்னைத் தோளில் தூக்கி, பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டியவர். எனக்கு மில்லில் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். திடீரென்று அவர் நம் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. நீ அப்போது ஹைஸ்கூலில் படித்தாய். "அண்ணாச்சி மாமா ஏன் வரல?" என்று கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். அது பொய். அவர் செம்பூரில்தான் இருந்தார். ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், தாதர் வழியாக டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். பாய்லருக்கு அவர் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே கரி தள்ளுகிறவன். பாய்லர் சர்டிபிகேட் பாஸ் பண்ணி இரண்டு வருஷமாகியும் மேலே இடம் காலியாகாமல் கரியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஷிப்டு முடிந்ததும் பாய்லர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் எல்லோரும் குளிப்போம். ஒரு நாள் மூன்றரை மணிக்கு அண்ணாச்சி குளித்துவிட்டு எழுந்தவர் மரம் சாய்வது மாதிரி சாய்ந்தார். முதலில் ஓடியது நான். தலையைத் தூக்கினேன். அதற்குள் என்ஜினியர் அந்தப் பக்கம் வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏதோ வாடை வருது சார்" என்றேன்.

வாடை வந்தது உண்மை. அது ஓம வாட்டர் வாடை. அவர் வயிற்றுப் பொருமலுக்கு மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மூடி குடிப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வாடை வருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மதுவிலக்கு கடுமையாக இருந்த நேரம் என்பதால் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போலீஸுக்குச் சொல்லாமல் விட்டதே பெரிய தயவு என்றார்கள். பாய்லரைக் குடிகாரன் கையில் விடமுடியாது என்று அவரைச் சாம்பல் அள்ளும் இடத்துக்கு மாற்றினார்கள். அவர் என்னிடம் வந்து, "ஏ, நான் குடிக்கலடே. எந்திச்சேன், கண்ணு இருட்டிட்டு. உனக்காச்சும் தெரியும்லா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பிரஷர் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இடம் எனக்கு வந்தது. இரண்டே மாசத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் என்னை நானே எப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டேன் தெரியுமா? திடமான மனுஷன் ஒருவன் காரணமில்லாமல் விழமாட்டான். ஓம வாட்டருக்குக் கீழே வேறு எதுவோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருஷம் அந்த நினைப்பின் மேல் ஏறி நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், மோரியில் அது என்னை இறக்கிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். அண்ணாச்சிக்கு அன்று ஐம்பத்தெட்டு வயசு. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

மறுநாள் அம்மா என்னை மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பாலக்காட்டுக்காரர், பொறுமைசாலி. படுக்க வைத்துக் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். உடனே எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"எத்தனை நாழி குளிச்சேள்? எழுந்த உடனேதான் விழுந்தேளா?"

எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பாய்லர்காரனுக்கு விளங்குகிற மாதிரியே சொன்னார். வெந்நீர் பட்டால் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியுமாம். ரத்தம் உள்ளேயிருந்து வெளிப்பக்கம் வந்துவிடும், பிரஷர் இறங்கும். அந்த நேரம் பார்த்து உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்தால் இருக்கிற ரத்தமும் காலுக்கு இறங்கும். வாலிப வயசில் இதயம் உடனே வேகமாக அடிக்கும், குழாய்களும் சட்டென்று சுருங்கும், தலைக்கு ரத்தம் ஏறிவிடும். வயசாக ஆக அந்தச் சுறுசுறுப்பு குறைகிறது. உடம்பு சுதாரிப்பதற்குள் கண் இருட்டிவிடுகிறது. அதோடு தோலுக்குச் சூடு தெரிவதும் மந்தமாகிவிடுகிறதாம். வருஷா வருஷம் நான் சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல். "இனிமே உங்க கையை நம்பாதீங்கோ, அவா கை சொல்றதைக் கேளுங்கோ" என்று அம்மாவைக் காட்டினார். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் கேட்டேன். "சார், ஐம்பத்தெட்டு வயசுல ஒரு ஆளு. எட்டு மணி நேரம் பாய்லர்கிட்ட நின்னு வேர்த்திருக்காரு. வெந்நியில குளிச்சிட்டு எந்திக்காரு. ஒரு சொட்டு குடிக்காமலே விழுவாரா?"

"விழாம என்ன? நீங்களே விழுந்தேளே" என்றார்.

அந்த அறையில் எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது. சட்டென்று எழக்கூடாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார், அதனால் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா, பயமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை.  அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வாரம் லீவு கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை செம்பூருக்குக் கிளம்பினேன். ஒத்தையில் போக வேண்டாம் என்று அம்மாவும் வந்தாள். பழைய சிநேகிதத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அண்ணாச்சி இப்போது ஒரு மர டிப்போவில் சாயங்கால வாட்ச்மேன். மகள் பேச்சியோடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது.

"வாரும்வே. ஏழு வருசம் ஆச்சோ வழி தெரிய?" என்றார். 'டே' என்று உரிமையாகக் கூப்பிட்டவர் 'வே' என்று தள்ளி நிறுத்தியதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

"அண்ணாச்சி, நானும் விழுந்துட்டேன்."

"எங்க?"

"மோரியில. வெந்நி குளிச்சிட்டு எந்திச்சேன், கண்ணு இருட்டிட்டு."

அவர் என்னையே பார்த்தார். "நீரு குடிச்சிருந்தீரா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ உம்ம யாரு நம்புனா?"

"டாக்டரு நம்புனாரு" என்று சொல்லிக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். பேச்சி எஸ்.எஸ்.சி. படித்தவள். வாங்கி வாசித்து ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னாள். முடித்துவிட்டு, இரண்டாம் தடவை சத்தமில்லாமல் தனக்குள்ளேயே வாசித்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அப்போ அன்னைக்கு நீங்க சொன்னது…"

"உள்ளதத்தான் சொன்னேன். அந்த என்ஜினியரு வாடைன்னு சொன்ன சொல்லுதான் நின்னுட்டு. ஏழு வருசமா நான் வேல முடிஞ்சு வந்தா தட்டு வைக்கிற சாக்குல இவ பக்கத்துல வந்து மோந்து பாக்கா, வே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா." அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். எல்லோரும் என்னை நல்லவன் என்றே நினைத்திருப்பார்கள். அம்மாவும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் பேச்சிலிருந்து ஒன்று புரிந்தது. வாடை வருகிறது என்று சொன்னது என்ஜினியர் என்றே அவர் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.

"இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. வாடை வருதுன்னு சொன்னது என்ஜினியர் இல்ல. நான்."

"ஓம வாட்டர்னு உனக்குத் தெரியாதாடே?"

"தெரியும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.  அரை மணி நேரம் அவர் வெளியே பொதுக்குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே வந்தபோது உட்காரவில்லை.

"திங்கக்கெழம டியூட்டிக்குப் போறேல்லா? நானும் வாரேன். அங்க வச்சு சொல்லு. இந்த அறைக்குள்ள சொன்னா எனக்குக் காணாது."

"சரி அண்ணாச்சி."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். சயானில் இறங்கும்போது அம்மா, "சொல்லிட்டு வந்துருங்க. என்ன ஆனாலும் பாத்துக்கிடலாம்" என்றாள்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு, ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு ஏறுகிற நேரத்தில், பாய்லர் வீட்டில் நின்று சொன்னேன். பழைய ஆட்கள் ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் புரிய வேண்டுமென்று இந்தியில் சொன்னேன். இவர் அன்று குடிக்கவில்லை. வாடை மருந்து வாடை என்று எனக்குத் தெரியும். இவர் இடம் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.  டாக்டர் காகிதத்தை இப்போதைய என்ஜினியர் சத்தமாக வாசித்தார். சின்ன வயசுக்காரர். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். ஆபீஸுக்கு எழுதியாக வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். அதனால் என்ன வரும் என்று இன்றுவரை தெரியாது. இடம் போகலாம். அந்த இடம் எனக்கு வந்த விதத்தை இப்போது நீ படித்துவிட்டாய், அதனால் நீ வருத்தப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன். கொங்கணிலிருந்து வந்த பழைய ஃபயர்மேன் ஒருவர் அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று நம்பிவிட்டோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்னும் கேள். நான் அதே சூட்டில் என்ஜினியரிடம், தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும், உட்கார்ந்து எழுவதற்குப் பிடிமானமாகச் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்றும் கேட்டேன். அவர் புதன்கிழமையே ஆள் விட்டுப் பூட்டிவிட்டார். ஐம்பது தாண்டியவர்கள் ஷிப்டு முடிந்ததும் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், சூட்டைக் குறைக்க வேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் குளிக்கக்கூடாது, எழுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழ வேண்டும், தனியாகக் குளிக்கக்கூடாது என்று நான் வாய் ஓயாமல் சொல்கிறேன். வாலிபர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தானே. நீ பவர் ஹவுஸில் பெரிய பெரிய பாய்லர்களோடு இருக்கிறாய். உன்னிடமும் வயசானவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல். யாராவது உன் பக்கத்தில் விழுந்தால், முதலில் கையைக் கொடு. காரணத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அவன் விழுந்ததில் உனக்கு லாபம் எதுவும் இருந்தால், அந்த நேரத்தில் உன் வாயைப் பற்றி இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இரு. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான், இதையும் தாமதமாகத்தான் கற்றேன்.

அன்று கேட் வரை அண்ணாச்சியோடு நடந்தேன்.  அவர் அங்கே நின்று, "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன்டே. இப்போதைக்கு வராது" என்றார்.

"சரி அண்ணாச்சி."

"அன்னையிலேருந்து பச்சத்தண்ணிதான் ஊத்துதேன். எனக்கே என்மேல ஒரு பயம்.  மூட்டு வலி கொல்லுது, ஆனாலும் வெந்நி ஊத்த மாட்டேன்." பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வா. நான் குளிக்கையில வாசல்ல உக்காந்திரு."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி பஸ்ஸுக்கு நானும் அம்மாவும் போகிறோம். அம்மா இரண்டு நாளாகச் சீயக்காய் இடித்துச் சலித்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள். தண்ணீர்ச் சூட்டை அவள் கைதான் பார்க்கும் என்று பேச்சிக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது. நான் வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிச் செம்பு ஊற்றி முடித்ததும் "அவசரம் வேண்டாம் அண்ணாச்சி, மெதுவா எந்திங்க" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு நான் போவது அந்த ஒன்றைச் சொல்வதற்குத்தான்.

உன் பேரில் பெருமையும், உன் முன் கொஞ்சம் வெட்கமுமாக,
உன் அப்பா